“பிரேக் பிடிக்கவில்லை!” - பழி யார் மீது?

இரண்டே சொற்கள்: “பிரேக் பிடிக்கவில்லை.”

நாளேட்டின் ஏதோ ஒரு மூலையில் அவை அடிக்கடி தென்படுகின்றன. முன்னே ஓர் ஊரின் பெயர்; பின்னே மாண்டோர் எண்ணிக்கை. படிப்பவர் ‘ச்சு’ கொட்டுகிறார். “விதி யாரை விட்டது!” என்கிறார் ஒருவர். “டிரைவர் குடித்திருப்பான்” என்கிறார் மற்றவர். பாதிப் பழி விதியின் மீது. மீதிப் பழி ஓட்டுநர் மீது. விசாரணை முடிந்தது, தீர்ப்பும் வழங்கியாகிவிட்டது!

தோழர்களே! இந்தத் தீர்ப்பை ஏற்க நம்மால் முடியவில்லை. ஏன் என்பதைக் கூறுகிறோம். பொறுமையுடன் கேட்க வேண்டுகிறோம்.

லாரியின் பிரேக் பெரும்பாலும் திடீரென்று செத்துப்போகிற பொருளல்ல. பல நாள் முனகும், சீறும், தண்ணீர் கக்கும், கேஜின் முள்ளை இறக்கிக் காட்டும். அதைக் கேட்க ஒரு காது வேண்டும். அந்தக் காதுக்குக் கால் மணி நேரம் வேண்டும். காது ஓட்டுநரிடம் இருக்கிறது. கால் மணி நேரத்தைத்தான் யாரும் அவருக்குக் கொடுப்பதில்லை. இதுவே நமது வழக்கு.

பிரேக் பிறக்கும் பூமி

ஒரகடத்துக்குப் போய்ப் பாருங்கள். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் சந்திக்கும் இடம். ஏரியும் வயலும் கண்ட கண்கள் இன்று எதைக் காண்கின்றன? இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார். ஒரகடத்தில் 2010 முதல் ரெனோ-நிசான் கார். 2012 முதல் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரி. 2013 முதல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள். “தெற்கு தேய்கிறது” என்று மேடைதோறும் முழங்கிய இயக்கம் நம் இயக்கம். 1971-இல் கலைஞர் ஆட்சியில் சிப்காட் பிறந்தது. அதன் தொழிற்பேட்டைகள் இன்று இப்பகுதி முழுவதும் பரந்து கிடக்கின்றன. ஆகவே இந்தப் புகைபோக்கிகளைக் கண்டு பொருமுகிறவர்கள் அல்லர் நாம், பூரிக்கிறவர்கள்.

பூரிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தியாவில் மோட்டார் வண்டிக்கான காற்றுப் பிரேக் செய்யும் தொழிலுக்கு வித்திட்டதே சென்னைதான்! 1962-இல், இங்கிலாந்தின் கிளேட்டன் டிவாண்டர் நிறுவனத்தோடு கைகோத்து, பாடியில் சுந்தரம்-கிளேட்டன் தொடங்கப்பட்டது. அதன் பிரேக் பிரிவு பின்னாளில் தனி நிறுவனமாகி, வாப்கோ வசம் சென்று, 2020-இல் வாப்கோவை வாங்கிய ஜெர்மனியின் இசட்.எஃப். குழுமத்தோடு சேர்ந்தது. ஒரகடத்திலும் அக்குழுமம் ஆலை வைத்திருக்கிறது. அதே ஒரகடத்தில்தான் வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் ‘காக்’ என்னும் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையமும் இருக்கிறது.

ஆக, லாரி செய்வதும் இங்கே. பிரேக் செய்வதும் இங்கே. சோதித்துச் சான்று தருவதும் இங்கே. ஆனால் ஆலை வாசலுக்கு வெளியே, சாலையோரத்தில், சரக்குக்காக முறை வைத்துக் காத்து நிற்கிறதே லாரி வரிசை, அதன் பிரேக்கைப் பார்ப்பது யார்?

வாசலில் காவலர் இருக்கிறார். ஓட்டுநரின் காலில் பூட்ஸ் இருக்கிறதா, உடம்பில் மின்னும் சட்டை இருக்கிறதா, உரிமம் இருக்கிறதா, வண்டிக்கு எஃப்.சி. இருக்கிறதா என்று பார்க்கிறார். நல்லது, பார்க்கட்டும். பிரேக்கில் காற்று கசிகிறதா என்று கேட்பது அவர் வேலையல்ல. அப்படியானால் அது யார் வேலை?

காற்று எப்படி நிறுத்துகிறது?

இதைப் புரிந்துகொள்ள என்ஜினீயர் பட்டம் தேவையில்லை. காரின் பிரேக்கில் எண்ணெய் செய்கிற வேலையைக் கனரக லாரியில் காற்று செய்கிறது. எஞ்சின் ஓடும்போது கம்ப்ரசர் காற்றை அமுக்கி டேங்குகளில் நிரப்புகிறது. ஏறத்தாழ எட்டு பார் அழுத்தம். கார் டயரில் இருப்பதைப் போல் மூன்று, நான்கு மடங்கு. ஓட்டுநர் மிதித்ததும் அந்தக் காற்று சக்கரத்தருகே உள்ள சேம்பருக்குள் பாய்கிறது. ஒரு தண்டைத் தள்ளுகிறது. தண்டு ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற கையைத் திருப்புகிறது. அந்தக் கை கேமைத் திருப்ப, பிரேக் ஷூ விரிந்து, அதன் லைனிங் டிரம்மை அழுத்துகிறது. வண்டி நிற்கிறது.

“காற்று போய்விட்டால்?” என்று கேட்பீர்கள். அதையும் எண்ணிப் பார்த்தவன்தான் மனிதன். அமெரிக்காவில் ரயில் பெட்டிகளின் கூரைமீது ஓடி ஓடிக் கையால் பிரேக் சக்கரத்தைத் திருப்பிய தொழிலாளர்கள், தவறி விழுந்து மாண்ட காலம் ஒன்றிருந்தது. 1869-இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் காற்றுப் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த சில ஆண்டுகளிலேயே அதைத் திருத்தி, குழாய் அறுந்தால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும்படி செய்தார். அதே கருத்துத்தான் இன்றைய லாரியிலும் இருக்கிறது. பின் சக்கரங்களில் வலுவான ஸ்பிரிங் ஒன்று பிரேக்கைப் பிடிக்கத் துடித்துக்கொண்டே இருக்கிறது. காற்றுத்தான் அதை அடக்கி வைத்திருக்கிறது. காற்று வெகுவாக இறங்கினால் ஸ்பிரிங் விடுபட்டு வண்டியைப் பிடித்துவிடும்.

இவ்வளவு காவல் இருந்தும் ஏன் பிடிக்கவில்லை?

இங்கேதான் கவனிக்க வேண்டும். கேஜில் முள் நிமிர்ந்து நிற்கும். டேங்கில் காற்று நிறைந்திருக்கும். ஆனால் லைனிங் தேய்ந்து, ஸ்லாக் அட்ஜஸ்டர் தளர்ந்திருந்தால், தண்டு தன் ஓட்டத்தின் எல்லை வரை போனாலும் லைனிங் டிரம்மை அழுத்தாது. ஸ்பிரிங்கும் அதே தண்டைத்தானே தள்ளுகிறது? ஆகவே அந்தக் காவலும் கைவிடும். நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே போனால் டிரம் சூடேறி விரிகிறது; லைனிங்கை விட்டு விலகுகிறது; தண்டு இன்னும் அதிக தூரம் போக வேண்டியிருக்கிறது. போக இடமில்லை. அந்த நொடியில்தான் ஓட்டுநரின் கால் தரையைத் தொடுகிறது. வண்டியோ ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஒரகடம் சமவெளி. இங்கே பாதிப் பிரேக் உள்ள லாரியும் நல்ல லாரியைப் போலவே நின்றுவிடும். குறையைச் சமவெளி மறைத்து வைக்கும், மலைச்சரிவு அம்பலப்படுத்தும். சரக்கு லாரி ஓர் ஊரில் ஓடுவதா? இன்று சென்னைத் துறைமுகம், நாளை ஓசூர், மறுநாள் சேலம் வழியாகக் கொச்சி. வழியிலே காத்திருக்கிறது தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாய்.

2020 டிசம்பர் 12 அன்று அந்தக் கணவாயில் கட்டுப்பாடு இழந்த ஒரு லாரி, முன்னேயிருந்த வாகனங்கள் மீது வரிசையாக மோதியது. பத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் நொறுங்கின. நான்கு உயிர்கள் போயின. 2024 ஜனவரி 24 அன்று அதே கணவாயில் லாரிகள் மோதிக்கொண்டதில் மீண்டும் நான்கு உயிர்கள். நியூட்ரலில் இறங்காதீர்கள், சின்ன கியரில் இறங்குங்கள் என்று அங்கே ஓட்டுநர்களுக்கு எச்சரிக்கை செய்கிறார்கள். சரியான எச்சரிக்கை. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் தரும் தடை போய்விடும். முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் ஏறும். ஆனால் கணவாயின் உச்சியிலே எச்சரிப்பவர்கள், சரக்கு ஏற்றிய வாசலிலே ஏன் எச்சரிக்கவில்லை? நியூட்ரலில் போட்டு மிச்சம் பிடித்த டீசல்தான் கூலியில் விழுந்த ஓட்டையை அடைக்கும் என்ற நிலையில் ஓட்டுநரை வைத்தவர்களிடம் ஏன் பேசவில்லை?

எலுமிச்சம்பழம் போதுமா?

ஆயுத பூசை வருகிறது. லாரிக்குச் சந்தனம், குங்குமம், மாலை, வாழைக்கன்று. நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டி, பழத்தை நசுக்கி, வண்டியை நகர்த்துகிறார்கள். “கண் பட்டது கழிந்தது” என்கிறார்கள்.

யாருடைய நம்பிக்கையையும் நாம் கேலி செய்யவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறோம். பழம் வைக்கக் குனிந்த அந்த முதுகு, இன்னும் ஒரு சாண் குனிந்து ஸ்லாக் அட்ஜஸ்டரைப் பார்த்ததா? டிரம்மில் வெடிப்பு இருக்கிறதா, ஹப்பிலிருந்து எண்ணெய் கசிந்து லைனிங்கை நனைத்திருக்கிறதா என்று பார்த்ததா? கண் பட்டதால் எந்த வண்டியும் கவிழ்ந்ததில்லை. கண் படாததால், அதாவது பார்க்க வேண்டியதை யாரும் பார்க்காததால், கவிழ்ந்த வண்டிகள் உண்டு!

பார்க்க வேண்டியது என்ன? வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். டேங்கின் அடியிலுள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்ற வேண்டும். கடலோரக் காற்றை அமுக்கினால் தண்ணீர் பிரியத்தான் செய்யும். ஏர் டிரையர் இருந்தாலும் அதன் கார்ட்ரிட்ஜ் பழசானால் ஈரம் உள்ளே புகும். தண்ணீரோடு எண்ணெயும் வந்தால் கம்ப்ரசரைப் பார்க்க வேண்டும். பிறகு காற்றை முழுக்க ஏற்றி, எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை ஒரு நிமிடம் மிதித்துப் பிடிக்க வேண்டும். முள் எவ்வளவு இறங்குகிறது? அமெரிக்காவில் ஓட்டுநர் உரிமத் தேர்விலேயே இதைச் செய்து காட்ட வேண்டும். தனி லாரியில் ஒரு நிமிடத்தில் 3 பி.எஸ்.ஐ.க்கு மேல், அதாவது 0.2 பாருக்கு மேல், இறங்கக் கூடாது என்பது அங்கே கணக்கு. ‘உஸ்’ என்ற ஓசை எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்று காது கொடுக்க வேண்டும். மிதித்து மிதித்துக் காற்றை இறக்கி, எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். தண்டு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று அளக்க வேண்டும். கடைசியில் கட்டையை எடுத்துவிட்டு, பார்க்கிங் பிரேக்கைப் போட்டபடியே வண்டியை மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும்.

தானியங்கி ஸ்லாக் அட்ஜஸ்டர் உள்ள வண்டிகளில் ஓர் எச்சரிக்கை. அது தளர்ந்திருந்தால் ஸ்பேனர் போட்டு முறுக்கிவிட்டுப் போய்விடக் கூடாது. தானே சரிசெய்துகொள்ள வேண்டிய கருவி ஏன் செய்யவில்லை என்று பட்டறையில் பார்க்க வேண்டும். முறுக்கிவிட்டால் நோய் மறையும்; தீராது.

இத்தனையும் எவ்வளவு நேர வேலை? பழகிய கைக்குக் கால் மணி. கூடினால் அரை மணி. முன்பெல்லாம் கட்டை போடவும், டயரைத் தட்டிப் பார்க்கவும், ஓட்டுநர் மிதிக்கக் கீழே நின்று கேட்கவும் கிளீனர் என்று ஒருவர் இருந்தார். இன்று எத்தனையோ லாரிகளில் அந்த இருக்கை காலி. தேசிய பெர்மிட் லாரிக்கு இரண்டு ஓட்டுநர் வேண்டும் என்ற விதியையும் 2018-இல் எடுத்துவிட்டார்கள். மிதிப்பவரும் அவரே, கீழே நின்று கேட்பவரும் அவரே என்றால், ஒருவர் எப்படி இருவராவார்?

சட்டம் என்ன சொல்கிறது?

“எஃப்.சி. இருக்கிறதே!” என்பார்கள். இருக்கிறது. 2018-இல் திருத்திய விதிப்படி எட்டு ஆண்டுக்குட்பட்ட லாரிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. அதற்கு மேற்பட்டதற்கு ஆண்டுக்கு ஒரு முறை. இரண்டு ஆண்டில் லாரி ஓடும் தூரமென்ன, லைனிங் தேயும் வேகமென்ன? எஃப்.சி. வாங்கிய நாளில் வண்டி நலமாக இருந்தது என்பதற்குத்தான் அந்தத் தாள் சாட்சி. இன்று காலை எப்படி இருக்கிறது என்பதற்கு அது சாட்சியாகாது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவு, பழுதுள்ள வண்டியை ஓட்டுபவரை மட்டும் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஓட்டச் செய்பவரையும், ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. நல்ல சட்டம்! ஆனால் விபத்து நடந்த இரவில் காவல் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் யார்? அனுமதித்தவரா? ஓட்டச் செய்தவரா? 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் புதிய தண்டனைச் சட்டம், பெயரைச் சொல்லவே நம் நாக்குத் தடுமாறும் அந்த ‘பாரதிய நியாய சன்ஹிதா’, அலட்சியத்தால் உயிரைப் போக்கினால் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. விபத்து நடந்ததைக் காவல் துறைக்குத் தெரிவிக்காமல் தப்பி ஓடினால் பத்து ஆண்டு என்ற பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் வடபுலத்து ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தினார்கள். ஒன்றிய அரசும் அந்தப் பிரிவை ஒத்திவைத்தது. சிறைக்கு ஓட்டுநர், லாபத்துக்கு வேறொருவர்! இதுவா நீதி?

இன்னொரு சட்டத்தை நினைவூட்டுகிறோம். 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். வண்டி ஓடும் நேரம் மட்டுமல்ல, வண்டியைப் பேணவும் பழுது பார்க்கவும் செலவிடும் நேரமும் வேலை நேரமே என்று அது எழுதி வைத்தது. எவ்வளவு தெளிவு! ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தியது. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவரிடம் வேலை செய்தவருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அச்சட்டமும் சேர்க்கப்பட்டுவிட்டது. தொகுப்பு எதுவாயினும் ஆகுக. பிரேக் பார்க்கும் நேரம் வேலை நேரம் என்ற கொள்கை ஒவ்வொரு ஓட்டுநரின் கூலியிலும் எதிரொலிக்க வேண்டும். அமெரிக்க விதிகளில் வண்டியைச் சோதிக்கும் நேரம் பணி நேரமாகவே எழுதப்படுகிறது. பிரிட்டனில் ஓட்டுநர் அன்றாடம் வண்டியைச் சுற்றிப் பார்த்துக் குறையைத் தெரிவிப்பதும், உரிமையாளர் அதைச் சரிசெய்வதும் கடமையாக வைக்கப்பட்டிருக்கின்றன. அவர்கள் உயிர் மட்டும் தங்கத்தால் ஆனதா?

கேட்பது இவ்வளவே

லாரி முதலாளியையெல்லாம் பகைவராக நாம் சித்திரிக்கவில்லை. ஒற்றை லாரியைத் தவணையில் வாங்கி, மாதந்தோறும் வட்டியோடு போராடுகிற சிறிய உரிமையாளரின் கண்ணீரும் நமக்குத் தெரியும். சரக்கு கொடுப்பவர் ஒப்பந்தக்காரரிடம் கொடுக்க, அவர் தரகரிடம் கொடுக்க, தரகர் லாரிக்காரரிடம் கொடுக்க, ஒவ்வொரு படியிலும் வாடகை தேய்கிறது. கடைசிப் படியில் தேய இடமில்லாதபோது, லைனிங் தேய்கிறது!

ஆகவே மேல்படியில் இருப்பவர்களிடம் கேட்கிறோம். ஒன்று: லாரி எப்படியும் வாசலில் மணிக்கணக்கில் காத்துத்தானே நிற்கிறது? அந்த நேரத்தில், சமதளமான சிமெண்டுத் தரையும், விளக்கும், சக்கரக் கட்டையும் உள்ள ஓர் இடத்தை ஒவ்வொரு ஆலையும், ஒவ்வொரு தொழிற்பேட்டையும் ஒதுக்கட்டும். இரண்டு: கீழே நின்று கேட்க ஓர் ஆளைத் தரட்டும், அரை மணிக்கு உரிய கூலியை வாடகையோடு சேர்க்கட்டும். மூன்று: “இந்த வண்டி ஓடத் தகுதியில்லை” என்று ஓட்டுநர் எழுதிக் கொடுத்தால், அதற்காக அவருடைய நடையோ கூலியோ போகக் கூடாது. நான்கு: பார்க்க வேண்டியவற்றின் பட்டியல் தமிழிலும், இங்கே வந்து ஓட்டுகிற பிற மாநிலத் தோழர்களின் மொழிகளிலும் கண்ணில் படும்படி எழுதப்பட வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். மறைத்து வைக்கச் சொன்ன மந்திரத்தை, திருக்கோட்டியூர்க் கோபுரத்தின் மீதேறி ஊரறியச் சொன்னார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஆலைக்குள்ளே அறிந்து வைத்திருக்கும் பிரேக்கின் நுட்பத்தை ஆலை வாசலில் நிற்கும் ஓட்டுநருக்கு அவர் மொழியில் சொல்ல எந்தக் கோபுரமும் ஏற வேண்டியதில்லை. ஒரு பலகை போதும்.

இது லாரிக்காரர் வழக்கு மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். ஷிஃப்ட் முடிந்து அலுத்துப் போன பெண் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு சுங்குவார்சத்திரத்திலிருந்து புறப்படும் கம்பெனி பஸ்ஸிலும் இருப்பது இதே காற்றுப் பிரேக்தான். சிக்னலில் லாரியின் முன்னே மோட்டார் சைக்கிளை நிறுத்திக் காத்திருக்கும் இளைஞனின் முதுகுக்குப் பின்னால் இருப்பதும் அதே காற்றுத்தான். அந்த முதுகு நம் வீட்டுப் பிள்ளையின் முதுகு.

அடுத்த முறை “பிரேக் பிடிக்கவில்லை” என்று படிக்கும்போது, ‘ச்சு’ கொட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பாதீர்கள். அந்த வண்டி கடைசியாகச் சரக்கு ஏற்றியது எந்த வாசலில்? அங்கே அதன் பிரேக்கைப் பார்க்க ஓட்டுநருக்கு எத்தனை நிமிடம் கொடுத்தார்கள்? இந்த இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். பழி யார் மீது என்பது அப்போது தெரியும்.